பெஞ்சு மேல் நின்றால் திருந்துவானா?

ஐந்தாவது படிக்கும் என் மகன் வகுப்பில் ஓயாமல் பேசுகிறான் என்று டீச்சர் தினமும் பெஞ்சு மேல் நிற்க வைத்தார். அவனோ, 'எல்லாரும் என்னையே பார்க்கறாங்கம்மா' என்கிறான் பெருமையாக! தண்டனையே பரிசாகிவிட்டது.

எந்தச் செயலுக்குப் பலன் கிடைக்கிறதோ அதுவே திரும்பத் திரும்ப நடக்கும் என்று புறாக்களை வைத்துச் சோதித்துச் சொன்னார், அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஸ்கின்னர். பிள்ளைகளை உடலாலோ மனதாலோ வதைப்பதை 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவும் தடை செய்திருக்கிறது.

டீச்சரைத் தனியாகப் பார்த்து, 'அவன் அமைதியா எழுதும்போது ஒரு தடவை தட்டிக் கொடுங்க டீச்சர்' என்றேன். செய்தார். இப்போது பேச்சு பாதியாகக் குறைந்திருக்கிறது.

வீட்டிலும், பிள்ளை தப்பு செய்தால் மட்டும்தானே திரும்பிப் பார்க்கிறோம்? நல்லது செய்யும்போதும் பார்ப்போமே, தோழிகளே!

- ஓர் இல்லத்தரசி, சாத்தாங்காடு.