கழிப்பறைக்கு ஒரு வண்டி

கேரவன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சினிமாக்காரர்களின் வண்டி. படப்பிடிப்பில் கதாநாயகிக்கு அது உண்டு. துணை நடிகைக்குக் கிடையாது. மலையாளத் திரையுலகம் பற்றி 2024இல் வெளியான ஹேமா குழு அறிக்கை, கழிப்பறை இல்லாததால் படப்பிடிப்புத் தளங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பதைப் பதிவு செய்தது. இப்போது அதே கேரவன் சுற்றுலாவுக்கு வந்திருக்கிறது. கேரள அரசு 2021இல் இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. பெண்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான பயணம் உண்டா என்று கேட்கிறார்கள்.

நான் திருப்பிக் கேட்கிறேன்: சொந்த நாட்டைச் சுற்றிப் பார்க்க ஒரு பெண் ஏன் வீட்டையே சுமந்துகொண்டு போக வேண்டும்?

நாங்கள் நான்கு பெண்கள், வாடகைக்கு எடுத்த அப்படியொரு வண்டியில் நாகபுரியிலிருந்து கன்னியாகுமரி வரை வந்தோம். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44, இந்தியாவிலேயே நீளமானது. வழியில் மொழிகள் மாறின. கேள்வி மாறவில்லை: "கூட ஆம்பளைங்க யாரும் வரலையா?" இரவில் வண்டியை நிறுத்த இடம் கேட்டால், "லேடீஸ் மட்டும்னா வேண்டாங்க, பிரச்சினை வரும்" என்றார்கள். பிரச்சினை செய்கிறவனை விரட்டலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களைத்தான் கிளம்பச் சொன்னார்கள்.

இது பழைய தர்க்கம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மாலை 7 மணிக்குமேல் காலை 6 மணிவரை பெண்கள் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்றது. காரணம், பாதுகாப்பு. சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆலைக்குள் இரவு திரும்பக் கிடைத்தது. சாலையில் இன்னும் கிடைக்கவில்லை.

பகலில் மட்டும் என்ன வாழ்கிறது? சுங்கச்சாவடிகளில் கழிப்பறை இருக்கிறது. நாங்கள் நின்ற பல இடங்களில் அதற்குப் பூட்டும் இருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால், கேட்டவளை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். எங்களுக்கு வண்டி இருந்தது, சமாளித்தோம். கொடைரோடு பக்கம் திராட்சை விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்கா எங்கள் வண்டியை எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உள்ள பாத்ரூம் இருக்காம்மா? போய்ட்டு வந்துரட்டுமா?" காலையில் வந்து கூடையை இறக்கினால் பொழுது சாயும்வரை அந்த நெடுஞ்சாலைதான் அவருக்கு இடம். "தண்ணி குடிச்சா எங்க போறது? அதான் குடிக்கிறதில்ல." படப்பிடிப்புத் தளத்துப் பெண்கள் சொன்னதும் இதையேதான்.

இதற்குத் தீர்வு ஆளுக்கொரு கேரவனா? ஒரு நாள் வாடகையை அந்த அக்கா எத்தனை நாள் நின்று சம்பாதிக்க வேண்டும்? காசுள்ளவள் தன் கழிப்பறையைத் தானே ஓட்டிக்கொண்டு போகட்டும், மற்றவள் அடக்கிக்கொள்ளட்டும் என்பதற்குப் பெயர் சுதந்திரமா? அந்த வண்டிக்குள்ளும் ஓர் அடுப்பு இருக்கிறது. குடும்பத்தோடு கிளம்பினால் அதைப் பற்றவைக்கப் போவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

நம் பெண்கள் சாலைக்கு வந்த விதம் வேறு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தின் வழியே பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். 1993இல் குமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநரானார். 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. எல்லாம் பொதுவில் கேட்டும் போராடியும் பெற்றவை. எவளும் தனக்கென்று தனிச் சாலை போட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே தோழிகளே, வண்டி எடுங்கள், ஊர் சுற்றுங்கள். ஆனால் சாவடியில் பூட்டைப் பார்த்தால் பேசாமல் வண்டிக்குள் ஏறிவிடாதீர்கள். இறங்கிப் போய்ச் சாவி கேளுங்கள். புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதுங்கள். சுங்கம் கட்டுகிற சாலை அது. திறந்த கழிப்பறை, எரிகிற விளக்கு, கேள்வி கேட்காமல் தங்கவிடும் இடம், இந்த மூன்றும் திராட்சைக் கூடையோடு நிற்பவளுக்கும் கிடைக்கும் நாளில்தான் அது நம் சாலை.