தொடக்கப் பள்ளிக்கும் வரட்டும் பொறியியல்



அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக 2022இல் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் என்னும் அறிவியல் செய்முறைத் திட்டம் நல்ல முயற்சி. பள்ளிகளில் மாணவர்கள் தாங்களே கருவிகளைச் செய்துபார்க்கும் அடல் டிங்கரிங் ஆய்வகங்களும் 6ஆம் வகுப்பிலிருந்துதான். ஆனால், ஆர்வம் அதற்கு முன்பே முளைவிடுகிறது.

ஏழு வயதுப் பிள்ளைக்குச் சூத்திரம் புரியாது. மருந்து நீக்கிய தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொடுத்தால், சதுரம் சாயும், முக்கோணம் அசையாது என்பதைக் கையாலேயே கண்டுகொள்ளும். பத்து வயதில் காகிதப் பாலம் கட்டி, எத்தனை நாணயம் தாங்குகிறது என்று சோதிக்கலாம். பதின்மூன்றில், ஏன் தாங்கியது என்று கணக்கிடலாம். பள்ளிக்கு வந்து, எல்லா வயதினருக்கும் ஒரே ரோபோவைக் காட்டிவிட்டுப் போவதால் பயனில்லை.

பொறியியல் கல்லூரிகள் அருகிலுள்ள தொடக்கப் பள்ளிகளுக்கும் தம் மாணவர்களை அனுப்ப வேண்டும். அதற்கு ஆய்வகம் வேண்டாம். தீக்குச்சியும் காகிதமும் போதும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி.