கண்ணி போடும் புரதம்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? தறியில் உள்ளதுபோல் பாவும் ஊடையும் அங்கே கிடையாது. கோனிலிருந்து வருகிற நூலை ஊசிகள் கொக்கி போட்டு இழுத்துக் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துக்கொண்டே போகும். மைல் கணக்கான நூல் ஒரு பனியனுக்குள் அடங்கிவிடுகிறது!

இதே தொழில் நம் உடம்பிலும் நடக்கிறது. ஓர் உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. நூலை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர். அது குடியிருக்கும் உட்கருவோ, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 100-ல் ஒரு பங்கு. உயிரணு இரண்டாகப் பிரியும்போது, 46 இழைகளையும் பிரதி எடுத்துச் சரிசமமாகப் பங்கு போட வேண்டும். சிக்கலோடு பிடித்து இழுத்தால் அறுந்து போகாதா?

சிக்கெடுத்துச் சுருக்கித் தருவது காண்டென்சின் என்ற ஐந்து புரதங்களின் கூட்டு. 1997-ல் தவளை முட்டைச் சாற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள் ஜப்பானிய விஞ்ஞானி தட்சுயா ஹிரானோ குழுவினர். அது நூலை இழுத்துக் கண்ணி போடுகிறது என்று பலர் ஊகித்தார்கள். கண்ணால் கண்டவர் யார்?

2018-ல் கண்டார்கள். ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில், நம் நாட்டு மஹிபால் கன்ஜியும் கூட்டாளிகளும் ஓர் இழையின் இரு முனைகளையும் கண்ணாடியில் ஒட்டி, ஒளிரும் சாயம் ஏற்றி (சாயத் தொழில் அங்கேயும் உண்டு!), ஈஸ்ட்டிலிருந்து எடுத்த காண்டென்சினை விட்டார்கள். சின்னக் கண்ணி ஒன்று முளைத்தது, பெரிதாகிக்கொண்டே போயிற்று. நொடிக்கு 1,500 எழுத்து வரை வேகம்! அதுவும் ஒரு பக்கத்து நூலைத்தான் இழுத்தது, கோன் பக்கமிருந்து மட்டும் நூல் வாங்கும் ஊசியைப் போலவே. கன்ஜி பிறகு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து சேர்ந்தார்.

காண்டென்சினுக்கு கொஹீசின் என்று ஒரு தங்கை உண்டு. பிரதி எடுத்த இரட்டை இழைகளைப் பிரியும் வேளை வரை சேர்த்துக் கட்டி வைப்பது அவள் வேலை. பெண் சிசு கர்ப்பத்தில் இருக்கும்போதே அவளுடைய சினைமுட்டைகளில் இந்தக் கட்டு விழுந்துவிடுகிறது. பிறகு புதுக் கட்டு அநேகமாகக் கிடையாது. நாற்பது வருஷம் தாங்கிய கட்டு நைந்தால், பங்கீடு தவறி, 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக வந்துவிடலாம். தாயின் வயது ஏற ஏற டௌன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பும் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

அப்படி ஒரு குழந்தை பிறந்த வீட்டில், "கிரகணத்தன்று வெளியே போனாயா? எதையாவது தின்று தொலைத்தாயா?" என்று மகளைக் குடைகிற அம்மாமார்கள் இருக்கிறார்கள். அம்மா, அந்தக் கட்டு விழுந்த நாளில் உங்கள் மகள் உங்கள் வயிற்றில் அல்லவா இருந்தாள்!