தூண்டில்காரரின் பஞ்சாங்கம்

சில மாதங்களுக்கு முன் வெளிவந்த என் கதை ஒன்றில் ஓய்வு பெற்ற எஞ்சினீயர் ஒருவர் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவார். மீனோடு போட்டோ எடுத்துக்கொள்வார். வீட்டில் மனைவி ஜுரத்தில் படுத்திருப்பாள். கதை அந்த மனைவியைப் பற்றியது, மீனைப் பற்றியதல்ல. ஆனாலும் வாசகர் ஒருவருக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிட்டது. நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

"தூண்டில் பிடித்தறியாதவர்கள் தூண்டில்காரனைப் பற்றி எழுதக் கூடாது. நாங்கள் வலைகாரர்கள் அல்ல. பிடித்த மீனைப் படம் எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிடுகிறோம். பருவம் பார்த்துப் பிடிக்கிறோம். இயற்கையின்மேல் உங்களைவிட எங்களுக்குப் பக்தி அதிகம். ஒரு நாள் எங்களோடு வந்து பாருங்கள்" என்பது அதன் சாரம்.

முதல் வாக்கியம் என் விஷயத்தில் செல்லாது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு மூங்கில் கழியும் மண்புழுவுமாக ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தவன்தான் நானும். மயிலிறகுத் தண்டுதான் தக்கை. அது ஒரு முறை அசைந்து, மறு முறை அசைந்து, சட்டென்று உள்ளே போகும்போது நெஞ்சில் ஒரு குதி குதிக்குமே, அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக இந்த நாற்பது சொச்சம் வயதில் வேறு ஒன்றைக் கண்டதாகச் சொல்ல மாட்டேன். மீன் தின்கிறவனும்தான். ஆகவே நான் அகிம்சை பேச வரவில்லை.

கடைசி வாக்கியத்தை ஏற்றுக்கொண்டேன். போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஐப்பசிக் கடைசி. மழை கொட்டி, ஆற்று வெள்ளம் மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலோடு கலந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. சென்னைக்குத் தெற்கே ஒரு முகத்துவாரம். அமாவாசைக்கு மறுநாள், ஏற்றவற்றம் பலமாக இருந்தது. "இதைவிட நல்ல பருவம் கிடையாது, ஸார். வருஷத்தில் பத்து நாள் இப்படி அமையும். கொடுவா கூட்டம் கூட்டமாக வாயிலுக்கு வரும்" என்றார் நண்பர். நண்பர் என்றே சொல்கிறேன். நல்ல மனிதர், பிளாஸ்கிலிருந்து எனக்கு முதலில் காப்பி ஊற்றிக் கொடுத்த பிறகுதான் தமக்கு ஊற்றிக்கொண்டார்.

விடிகிற சமயத்தில் ஒரு மீன் மாட்டியது. கால் மணி நேரத்துக்கு மேல் போராடியது. தண்ணீருக்கு வெளியே எம்பிக் குதித்துத் தலையை உதறியது. கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்து வந்து சேர்ந்தது. பத்துக் கிலோவுக்குக் குறையாது. நண்பர் அதன் தாடையில் கைவைத்துத் தூக்கி நிறுத்தினார். படம் எடுத்தார்கள். வெளிச்சம் போதவில்லை என்று மறுபடி எடுத்தார்கள். தொப்பி நிழல் முகத்தில் விழுகிறது என்று மூன்றாம் முறை எடுத்தார்கள். பிறகு, குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல மெதுவாகத் தண்ணீரில் விட்டார். எல்லோரும் கை தட்டினோம். நானும்தான்.

படகுக்காரர் மட்டும் கை தட்டவில்லை. அந்தப் பக்கத்துக் குப்பத்துப் பெரியவர். மீன் போன திசையைப் பார்த்துக்கொண்டே, "பொட்டை ஐயா அது. இம்மாம் பெருசா இருக்கிறது எல்லாமே பொட்டைதான். வயித்தைப் பாத்தீங்களா?" என்றார்.

நான் வயிற்றைப் பார்க்கவில்லை. தொப்பி நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் சொன்னதைத்தான் மீன் சாஸ்திரமும் சொல்லுகிறது. கொடுவா பிறந்து வளர்ந்து பருவமடையும்போது ஆண். சில வருஷம் ஆணாக வாழ்ந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறும். ஆகவே பெரிய கொடுவா என்றாலே அநேகமாகத் தாய் மீன் என்று அர்த்தம். ஒரு தாய் பல லட்சக்கணக்கில் முட்டை இடும். ஆற்றிலும் கழியிலும் வளருகிற இந்த மீனுக்கு முட்டையிட உப்பு நீர் வேண்டும். மழைக் காலத்தை ஒட்டி, அமாவாசை பௌர்ணமியின் பெரிய ஏற்றவற்றங்களைக் கணக்கிட்டு, அது முகத்துவாரத்துக்கு வருகிறது.

நண்பர் பார்க்கிற பஞ்சாங்கமும் அதுதானே? அவர் அமாவாசை பார்க்கிறார். மீனும் அமாவாசை பார்க்கிறது. அவர் மழைக்குக் காத்திருக்கிறார். மீனும் மழைக்குக் காத்திருக்கிறது. மீன் கூடுகிறது, அதனால் பருவம் நல்ல பருவம் என்கிறாரே தவிர, எதற்காகக் கூடுகிறது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கல்யாண வீட்டு வாசலில் நின்று, "இன்று கூட்டம் நன்றாகச் சேர்ந்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே தாலி கட்டப் போகிறவர்களின் கையைப் பிடித்து இழுப்பதற்குப் பெயர் பருவம் அறிதலா?

"திரும்ப விட்டுவிட்டோமே!" என்பார். விட்டதைக் கண்ணால் பார்த்தேன், மறுக்கவில்லை. ஆனால் விட்ட மீன் பிழைத்த மீன் என்று யார் சொன்னது? கால் மணி நேரம் உயிரைப் பணயம் வைத்து ஓடிய உடம்பு அது. இரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது. செவுள் பிராணவாயுவுக்குத் தவிக்கிற அந்தச் சமயத்தில் அதைத் தண்ணீருக்கு வெளியே பிடித்துக்கொண்டு மூன்று படம் எடுக்கிறோம். நூறு கஜம் ஓடி வந்தவனின் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் சிரியுங்கள்" என்று சொல்வதுபோல. இத்தனை கனமான உடம்பைத் தாடையில் தொங்கவிட்டால் தாடை மூட்டு தாங்காது. உலர்ந்த கை பட்டால் மேலிருக்கிற வழவழப்பு போகிறது. மீனுக்கு நோயைத் தடுக்கிற கவசமே அந்த வழவழப்புதான். இதெல்லாம் குளிர் தேசத்து ஆற்றில் நடந்தாலாவது பாதகம் கம்மி. நம்முடையது உஷ்ண தேசம். தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். மீனுக்கு வேண்டிய பிராணவாயுவோ கூடும். பங்குனி சித்திரையில், ஆறு குட்டையாகச் சுருங்கிக் கிடக்கும் மத்தியானத்தில் பிடித்து விட்ட மீன், நம் கண்ணுக்கு மறைந்த பிறகு என்ன ஆகிறது என்பதற்குப் போட்டோ கிடையாது.

இதை எழுதும்போதே எதிர்த்தரப்பின் பதில் என் காதில் விழுகிறது: "வலைகாரன் டன் கணக்கில் வாரிக்கொண்டு போகிறான். அவனைக் கேட்டீரா? வெடி போடுகிறவனைக் கேட்டீரா? ஒற்றைத் தூண்டில்தானா உம் கண்ணுக்குப் பட்டது?"

கேட்டிருக்கிறோம், ஸார். அவனை மட்டும்தான் கேட்டிருக்கிறோம். 2001 முதல் நம் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் உண்டு. முதலில் 45 நாள். 2017 முதல் 61 நாள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த இரண்டு மாதமும் படகில் கூலிக்குப் போகிறவன் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்பது குப்பத்துக் கடைக்காரர்களின் கடன் நோட்டுக்குத் தெரியும். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று வயிற்றைக் கட்டிக்கொண்டு உட்காரும்படி அவனுக்குச் சட்டம் போட்டோம். அவனும் முணுமுணுத்துக்கொண்டே உட்காருகிறான். வயிற்றுப்பாட்டுக்குப் பிடிக்கிறவனுக்கு ஓய்வுக்காலம் உண்டு. விளையாட்டுக்குப் பிடிக்கிறவர் தாமாகப் பத்து நாள் ஓய்ந்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

வெடி விஷயம் வேறு. அது அயோக்கியத்தனம். 1897-ஆம் வருஷத்து மீன்வளச் சட்டமே ஆற்றில் வெடி வைப்பதையும் விஷம் கலப்பதையும் குற்றம் என்கிறது. நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் குற்றம் ஒழியவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் திருடன் நுழைந்தான் என்பது நான் சில்லறை எடுத்ததற்குச் சமாதானம் ஆகுமா?

தூண்டில்காரர்களுக்கு நியாயம் செய்யவும் வேண்டும். காவிரியின் கதையைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசுவது முறையல்ல.

கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மாசீர் என்ற ராட்சத மீன் காவிரியில் உண்டு. சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்காரர் 1873-இல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதி இதற்குக் கீர்த்தி தேடித் தந்தார். 1946-இல் மைசூர் வான் இங்கன் குடும்பத்துக்காரர் ஒருவர் கபினியில் 120 ராத்தல் மீன் ஒன்றைப் பிடித்தார். கிலோவில் ஐம்பத்து நாலுக்கு மேல். முதுகில் திமில் போல் மேடு எழும்பிய இந்த மாசீர் காவிரியிலும் அதன் கிளைகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

பிறகு கர்நாடகத்துக் காட்டுப் பகுதியில், பீமேஸ்வரி, கலிபோரே முதலிய இடங்களில், தூண்டில் முகாம்கள் நடந்தன. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்களே அங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளம் வாங்கினார்கள். ஆள் நடமாட்டம் இருந்தவரை வெடிக்காரன் அங்கே வரப் பயந்தான். இது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். சரணாலயத்துக்குள் மீன் பிடிப்பதும் வேட்டைதான் என்று சட்டத்தைச் சுட்டிக்காட்டி, 2010-க்குப் பிந்திய சில வருஷங்களில் அங்கே தூண்டிலை நிறுத்தினார்கள். முகாமோடு காவலும் போயிற்று. தூண்டிலைத் தடுத்துவிட்டு ஆற்றை அநாதையாக விட்டதை நான் கொண்டாட மாட்டேன்.

ஆனால் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. மாசீர் குறைகிறது என்று பதறியவர்கள், வேறிடத்துப் பண்ணையில் பொரித்த வேறு ஜாதி மாசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். நீலத் துடுப்புக்கொண்ட ஜாதி அது. நல்ல எண்ணந்தான். மாசீர் எல்லாம் மாசீர்தானே என்று நினைத்துவிட்டார்கள். வந்தது பெருகிற்று, வீட்டுக்காரன் தேய்ந்தான். 1998 முதல் 2012 வரை கலிபோரேயில் தூண்டில்காரர்கள் எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டித்தான் விஞ்ஞானிகள் இதைக் கண்டார்கள். மொத்தப் பிடிப்பு கூடிக்கொண்டே போயிருக்கிறது. திமில் மீன் மட்டும் வருஷத்துக்கு வருஷம் அருகிப் போயிருக்கிறது. பிடித்தவர்களுக்குக் குறையே தெரியவில்லை. தூண்டில் நுனியில் ஏதோ ஒரு மாசீர் துள்ளிக்கொண்டுதானே இருந்தது? நூறு வருஷத்துக்கும் மேலாகப் பிடித்துப் பிடித்துப் படம் எடுத்த அந்தத் திமில் மீனுக்கு, சாஸ்திரப்படி உரிய பெயர் எது என்று நிச்சயமானது 2018-இல்தான். அதே வருஷம் அது அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர்களின் பட்டியலிலும் ஏறிவிட்டது. பெயர் சூட்டு விழாவும் ஆபத்து அறிவிப்பும் ஒரே வருஷத்தில்!

அணைகளின் பங்கைச் சொல்லவே வேண்டாம். மழை வெள்ளத்தில் எதிரேறி மேலே போய் முட்டையிடுகிற மீன் மாசீர். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. அங்கே ஜூன் 12 என்று நாள் குறித்துத் திறக்கிற வழக்கம். அணைக்குக் கீழே ஆற்றின் பருவத்தைக் கதவுதான் தீர்மானிக்கிறது. மனிதன் கெடுத்த பஞ்சாங்கம் ஏற்கெனவே இத்தனை இருக்க, மிஞ்சியிருக்கிற ஒன்றிரண்டு நாளிலும் நாம் போய் நிற்க வேண்டுமா?

தூண்டிலைக் கீழே போடு என்று நான் சொல்லவில்லை. தூண்டில் ஒரு கலை என்றால் அதற்குத் தர்மம் ஒன்று வேண்டும் என்கிறேன். வேறு உஷ்ணப் பிரதேசங்களில் அப்படி ஒன்றை எழுதியே வைத்திருக்கிறார்கள். இதே கொடுவாயை ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்று கொண்டாடுகிறார்கள். குவீன்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை அதைப் பிடிக்கக் கூடாது. வலைகாரனுக்கும் சரி, விளையாட்டுக்காரனுக்கும் சரி. மற்ற நாளிலும் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது. 120-க்கு மேற்பட்டதையும் எடுக்கக் கூடாது. குஞ்சுக்கும் பாதுகாப்பு, தாய்க்கும் பாதுகாப்பு. புளோரிடாவில் டார்பன் என்ற பெருமீன் 40 அங்குலத்தைத் தாண்டியிருந்தால், சாதனைக்கென்று தனிச் சீட்டு வாங்கியவர் தவிர வேறு யாரும் அதைத் தண்ணீரைவிட்டே தூக்கக் கூடாது. படம் வேண்டுமானால் நீங்கள் தண்ணீருக்குள் இறங்குங்கள் என்று அர்த்தம்.

நம்மவர்களால் இது முடியாதா? முகத்துவாரம் திறந்து மீன் கூடுகிற நாட்களில் தூண்டிலைச் சுருட்டி வைக்கலாம். முள்ளின் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடலாம். கழற்றுவது சுலபம், காயமும் கம்மி. கோடை மத்தியானத்தில் வீட்டில் தூங்கலாம். நடுத்தர மீன் ஒன்று கிடைத்தால் கௌரவமாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துச் சாப்பிடலாம். இதைச் சொன்னால் நண்பர் அதிர்ச்சி அடைவார். "கொன்று தின்பதா!" என்பார். ஆம், ஸார். நடுத்தர மீன் ஒன்றைத் தின்றால் ஒரு மீன் குறையும். சினைத் தாயை இழுத்துக் களைக்கவைத்துப் படம் எடுத்து விட்டால், எத்தனை குறையும் என்று கணக்குப் போட உங்கள் எஞ்சினீயர் மூளைதான் வேண்டும்.

ஆம், அந்த வாசகரும் ஓய்வு பெற்ற எஞ்சினீயர்தான். அவர் கோபத்துக்குக் காரணம் மீன் அல்ல என்பது படகில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு விளங்கிற்று. அதைப் பற்றி மேலே எழுத மாட்டேன்.

கரைக்குத் திரும்பும்போது படகுக்காரரைக் கேட்டேன்: "அந்த மீன் பிழைத்திருக்குமா, பெரியவரே?"

"சாயந்திரம் காக்கா சொல்லும்" என்றார்.

சாயங்காலம் வரை நாங்கள் அங்கே இருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிட்டோம். நண்பர் எனக்குப் போட்டோவை அனுப்பியிருக்கிறார். அழகான படம், தொப்பி நிழல் இல்லை. இப்போது பார்த்தால் வயிறு நன்றாகத் தெரிகிறது.