வயது குறைந்தால் உதவியும் குறைய வேண்டுமா?

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். கிராம சுகாதாரச் செவிலியர் ஆதார் அட்டையை வாங்கி, கர்ப்பிணிகளுக்கான ‘பிக்மி’ இணையதளத்தில் பதிகிறார். பிறந்த தேதியைக் கணக்கிட்டால் வயது 17. உடன்வந்த தாய் தலைகுனிகிறார். அடுத்த செவ்வாய் அந்தப் பெண் வருவாரா என்பது நிச்சயமில்லை.

காரணம், அச்சம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் கர்ப்பமுற்றால், தகவல் அறிந்தவர் காவல் துறையிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம். மறைக்கப்படும் கொடுமைகளை வெளிக்கொணர அந்தப் பிரிவு அவசியம். ஆனால், வழக்குக்குப் பயந்து குடும்பங்கள் பெண்ணை மறைத்துவிடுகின்றன. பதிவு இல்லை, பரிசோதனை இல்லை. ரத்தசோகையும் ரத்த அழுத்தமும் பிரசவத்தின்போதுதான் தெரியவருகின்றன.

இது அரிதான சிக்கல் அல்ல. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15-19 வயதுப் பெண்களில் ஏற்கெனவே தாயானவர்கள் அல்லது கருவுற்றிருந்தவர்களின் விகிதம் 2015-16இல் 5%, 2019-21இல் 6.3%. 2019-21 ஆய்வில், திருமணமான பெண்களில் 38.1% பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். படிப்பும் வருமானமும் இல்லாமல் கைக்குழந்தையோடு நிற்கும் இளம்பெண்ணுக்கு அந்த வன்முறையிலிருந்து வெளியேறும் வழி இன்னும் குறுகலானது.

இங்கேதான் நம் நலத்திட்டங்கள் கைவிரிக்கின்றன. ரூ.18,000 மதிப்புள்ள டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியைப் பெற 19 வயது நிறைந்திருக்க வேண்டும். மகளிர் உரிமைத்தொகைக்கு 21. குழந்தைத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால், திருமணத்தை முடிவு செய்வது பெரியவர்கள். மகப்பேறு நிதியின் விதிமுறையைப் பார்த்து எந்தக் குடும்பமும் நாள் குறிப்பதில்லை. இழப்பு முழுவதும் சிறுமிக்கும் அவர் வயிற்றில் வளரும் சிசுவுக்கும்தான். குற்றம் இழைத்தவருக்கான தண்டனையில் ஒரு பங்கைக் குற்றத்துக்கு ஆளானவர் மீதும் சுமத்துவது எப்படி நீதியாகும்?

முத்துலட்சுமி ரெட்டியின் வழி இதுவல்ல. குழந்தைத் திருமணத்துக்கு எதிராகவும் தேவதாசி முறைக்கு எதிராகவும் சென்னை சட்ட மேலவையில் வாதாடிய அவரே, போக்கிடம் இல்லாத சிறுமியருக்காக 1930இல் அவ்வை இல்லத்தையும் தொடங்கினார். தடைச் சட்டமும் அடைக்கலமும் ஒருசேர வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

உச்ச நீதிமன்றமும் அந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. கருக்கலைப்பு நாடும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல் துறைக்குத் தகவல் தரும்போது சிறுமியின் அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022இல் தீர்ப்பளித்தது. மேற்கு வங்க வழக்கொன்றில், 14 வயதில் வீட்டைவிட்டுச் சென்று தாயான பெண்ணைச் சமூகமும் குடும்பமும் சட்ட அமைப்பும் கைவிட்டுவிட்டன என்று 2025 மே மாதம் வருந்தியது. அவருடைய உறைவிடத்துக்கும் படிப்புக்கும் மாநில அரசைப் பொறுப்பாக்கியது.

நீதிமன்றம் வரை போனவருக்குக் கிடைத்தது, ஊரில் இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக மாவட்டத் தலைநகரில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாகத் தங்குவதற்குப் பொதுவாக 5 நாள்கள்தான். ஆறாவது நாள் அந்தப் பெண் திரும்ப வேண்டியது அதே தெருவுக்கு. அங்கே அங்கன்வாடிப் பணியாளர், சுகாதாரச் செவிலியர், மகளிர் சுய உதவிக் குழு என மூன்று ஏற்பாடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை இணைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தாலே பாதி வேலை முடியும். நீதிமன்றத் தேதியன்று குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், தனித்தேர்வு எழுத உதவி, குழுவின் மூலம் ஒரு தையல் இயந்திரக் கடன் என்று அந்தப் பெண்ணுக்குத் தேவைப்படுபவை எட்டாக்கனிகள் அல்ல. போக்சோ விதிகள் 2020 சொல்லும் துணை நபரும், உணவுக்கும் போக்குவரத்துக்குமான உடனடி நிவாரணமும் ஒவ்வொரு வழக்கிலும் நடைமுறைக்கு வர வேண்டும்.

அரசு முதலில் செய்ய வேண்டியது செலவு குறைந்தது: மகப்பேறு நிதிக்கான வயது வரம்பை நீக்கும் ஓர் அரசாணை. வழக்கு தன் வழியில் நடக்கட்டும். உதவி அதற்காகக் காத்திருக்கக் கூடாது. ஊரின் கடமையும் ஒன்று உண்டு. வன்முறைக்குத் தப்பி வந்த பெண்ணிடம் ‘அனுசரித்துப் போம்மா’ என்று சொல்வதை நிறுத்திவிட்டு, 181 மகளிர் உதவி எண்ணை அழைத்து, விசாரணை முடியும் வரை உடன் நிற்க வேண்டும்.