அவுரி என்றால் எந்த அவுரி?

கேள்வி: ‘கரும்பு வெட்டிய 1 ஏக்கரில் அவுரி போடுங்கள். இலை வெளிநாட்டு மருந்து கம்பெனிக்குப் போகிறது. விதை நானே தருகிறேன்’ என்று ஒரு வியாபாரி சொல்கிறார். நம்பி இறங்கலாமா?
– வாசகர், முண்டியம்பாக்கம்.

பதில்: முதலில் எந்த அவுரி என்று கேட்க வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அவுரி என்றால் நீலச் சாயம் எடுக்கும் செடி. அதன் இலைப்பொடி தலைமுடிச் சாயத்துக்குப் போகிறது. மருந்துக்குப் போவது வேறு செடி. தென்மாவட்ட வியாபாரிகள் அதையும் அவுரி என்பார்கள். சித்த வைத்தியத்தில் அது நிலாவாரை, ஆயுர்வேதத்தில் சுவர்ணபத்திரி. நீல அவுரிக்கு இளஞ்சிவப்புப் பூ, குச்சி போன்ற காய். நிலாவாரைக்கு மஞ்சள் பூ, தட்டையான காய். விதை மாறினால் விளைந்ததை வாங்க ஆள் இருக்காது.

நிலாவாரை மலச்சிக்கலுக்கான மருந்து. நம் வைத்தியர் சுக்கு, மிளகு, ஓமம் சேர்த்துச் சூரணமாக, ஆளுக்குத் தக்க அளவில் கொடுப்பார். ஐரோப்பா, அமெரிக்காவில் அதே இலை மாத்திரையாக விற்கிறது. ஒவ்வொரு மாத்திரையிலும் ‘சென்னோசைடு’ என்ற சத்து இத்தனை மில்லிகிராம் என்று அச்சிட வேண்டும். அதனால் இலையைப் பரிசோதித்துத்தான் வாங்குகிறார்கள்.

பரிசோதனை கடுமையானதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகர்ப் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற கன உலோகங்கள் இருந்தன. ஐரோப்பாவில் 2011 மே முதல், பாரம்பரிய மூலிகை மருந்து என்று பதிவு செய்ய 30 ஆண்டுப் புழக்கம் காட்ட வேண்டும். அதில் 15 ஆண்டு ஐரோப்பாவிலேயே இருந்திருக்க வேண்டும். பல மூலிகை சேர்ந்த லேகியம், சூரணங்களுக்கு இது பெரிய தடை. வெகுகாலமாக அங்கே புழங்கும் நிலாவாரைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சாகுபடிக்கு வடிகால் உள்ள செம்மண், மணல் கலந்த நிலம் ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் கரும்புக் கொல்லையில் வேர் அழுகிவிடும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை, 45-க்கு 30 செ.மீ. இடைவெளி. விதைத்த 2 மாதத்தில் முதல் அறுவடை, பிறகு மாதம் ஒருமுறை. இலையை நிழலில், காற்றோட்டமான இடத்தில் மெல்லியதாகப் பரப்பிப் பச்சை நிறம் மாறாமல் உலர்த்த வேண்டும். தார் ரோட்டில் காயப்போட்டால் வண்டிப் புகையும் மண்ணும் சேர்ந்து சரக்கு திரும்பிவிடும். அறுவடை நெருங்கும்போது பூச்சிமருந்து அடித்தாலும் இதே கதிதான்.

விதை இலவசம் என்பதற்காக ஒத்துக்கொள்ளக் கூடாது. செடியின் தாவரவியல் பெயர், கிலோ விலை, ஈரப்பத அளவு, பரிசோதனைச் செலவு யாருடையது, சரக்கைக் கழித்தால் யார் பொறுப்பு ஆகிய ஐந்தும் எழுத்தில் வேண்டும். தமிழகத்தில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கு 2019-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. எழுதித்தர வியாபாரி தயங்கினால் விட்டுவிடுவதே நல்லது. எழுதிக் கொடுத்தாலும் முதல் போகத்துக்கு 10 சென்ட் போதும். அந்தச் சரக்குக்குப் பணம் கைக்கு வந்த பிறகு மீதி நிலத்தைப் பற்றி யோசிக்கலாம்.