கேரட் ஊரில் தினைப் பட்டினி

ஊட்டி, குன்னூர் பக்கம் ஒரு வீட்டு வராந்தாவில் கூண்டு தொங்கினால், உள்ளே இருப்பது அநேகமாக பட்ஜி. ஊர் வழக்கில் 'லவ் பேர்ட்ஸ்'. (நிஜ லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கா பார்ட்டி, பட்ஜி ஆஸ்திரேலியா பார்ட்டி. அது தனி பஞ்சாயத்து.) கூண்டுக்குள் ஊஞ்சல் உண்டு, கண்ணாடி உண்டு, மணி உண்டு. சாப்பாடு? 365 நாளும் தினை!

கேட்டால் ரெடியாக ஒரு பதில் வரும்: "காட்டுல அது விதையைத்தானே தின்னுது?" தின்னுதுதான். ஆனால் அங்கே தண்ணீரும் இரையும் தேடி மைல் கணக்கில் பறக்கிறது; பல வகைப் புல் விதைகளைத் தின்கிறது. இங்கே இரண்டடிக் கூண்டில் உட்கார்ந்தபடி காய்ந்த தினை. கொழுப்பு ஈரலில் சேரும். தினையில் வைட்டமின் ஏ கிட்டத்தட்ட கிடையாது. அது குறைந்தால் மூக்கு, தொண்டை உட்சவ்வு கெட்டு, தொற்று சுலபமாகத் தொற்றிக்கொள்ளும். அப்புறம் "குளிர் தாங்கலை, செத்துப்போச்சு" என்று பழியை ஊட்டிக் குளிர் மேல் போடுவது!

இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் குறையைத் தீர்க்கும் கேரட்தான் இந்த மலையின் அடையாளமே. கேத்தி பள்ளத்தாக்கு கேரட் லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. சொந்த வீட்டுக் கூண்டுக்கு ஒரு துருவல் போவதில்லை.

பாசம் பொங்கினால் கொடுப்பது என்ன? ஹோம்மேட் சாக்லேட், டீயில் நனைத்த வர்க்கி, பட்டர் புரூட்! சாக்லேட்டில் தியோபுரோமின், டீயில் கஃபீன், இரண்டுமே பறவையின் இதயத்துக்கு ஆபத்து. பட்டர் புரூட்டில் உள்ள பெர்சின் என்ற நஞ்சு பட்ஜியை ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடக்கூடும். மனிதருக்குச் சத்து என்பதால் பறவைக்கும் சத்து ஆகிவிடாது. ஆப்பிள், பிளம்ஸ், பீச் சதை கொஞ்சம் தரலாம். விதையும் கொட்டையும் கூடவே கூடாது. அதில் சயனைடு சமாச்சாரம் இருக்கிறது.

"காய் வெச்சேன், தொடவே இல்லையே" என்பது அடுத்த சாக்கு. ஒரே நாளில் தினையை நிறுத்தினால் பட்டினி கிடந்தே செத்துவிடும். தினையோடு துருவிய கேரட், புரோக்கோலி, கொத்தமல்லி என்று கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் பழக்க வேண்டும். மருந்தடித்த காயாக இருக்கும், நன்றாகக் கழுவ வேண்டும். மிச்சத்தைச் சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

காசுக் கணக்கு பார்த்தாலும் ஒரு பட்ஜிக்கு தினம் அரை கேரட் கூட ஆகாது. ஓட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் கஸ்டமர் எழுந்து போய்விடுவார். கூண்டில் இருப்பது எழுந்து போக முடியாத கஸ்டமர். வைத்ததைத்தான் தின்னும். வைக்கிறவர்தான் யோசித்து வைக்கணும்.